தும்பியின் எடை

அக்கா பதில் போடாத கடிதம் என்று ஒன்று கிடையாது. குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் குறைதீர் பிரிவில் பதினோரு வருடமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர், வருகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது என்று இன்னொருவர், பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று மூன்றாமவர். யார் என்ன எழுதினாலும் மூன்று நாளைக்குள் பதில் போய்விடும். பதில் போனதும் பதிவேட்டில் அந்தக் கடிதத்தின் எண்ணுக்கு எதிரே பச்சை மையால் ஒரு குறி. பச்சை விழுந்துவிட்டால் அதைப் பற்றி அவள் அப்புறம் நினைப்பதில்லை. நினைக்க ஆரம்பித்தால் ஆபீஸ் நடக்காது.

தம்பிக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட். பகல் இரண்டு மணிக்கு உள்ளே போனால் பத்துக்குத்தான் வெளியே வருவான். மிச்சப் பொழுதில் அவன் கணினியில் பாட்டும் படமும் ஓட்டுகிற ஒரு பிளேயரைத் தானே எழுதிச் செய்திருந்தான். அதற்குத் தும்பி என்று பெயர். இலவசமாகவே நூறு பிளேயர் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், "அதெல்லாம் யானைக்கா. புதுக் கம்ப்யூட்டர் தாங்கும், பழசு நசுங்கிடும்" என்பான். தும்பியின் எடை அறுநூறு கிலோபைட். நல்ல புகைப்படம் ஒன்றே அதைவிடக் கனமாக இருக்கும். 'சொடக்குப் போடும் நேரத்தில் திறக்கும்' என்று அதன் இணையப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். வாய்க்கு வந்தபடி எழுதியதில்லை. அடுப்படி ஜன்னலோரம் அம்மா நாடகம் கேட்கிற பழைய கணினி ஒன்று உண்டு. தும்பியை அதில்தான் எழுதினான். ஒவ்வொரு தடவையும் அதைத் திறக்கத் தட்டிவிட்டு நிஜமாகவே விரலைச் சொடுக்கிப் பார்ப்பான். சொடக்கு முந்திவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

பக்கத்தின் அடியில் 'கருத்துச் சொல்ல' என்று ஒரு கட்டம் வைத்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது. முதல் வாரத்திலேயே ஒருவர் பொத்தான்கள் சின்னதாக இருக்கின்றன என்று எழுத, தம்பி அதற்கு, 'கண்ணாடி போட்டுக் கொள்ளவும்' என்று ஒரே வரியில் பதில் அனுப்பினான். அக்கா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இப்படியாடா எழுதுவாங்க மனுஷனுக்கு?"

"அப்போ நீ எழுது. உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே."

அவள் எழுதினாள். 'தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் யோசனை மிகவும் பயனுள்ளது. ஆவன செய்யப்படும்.' அடியில், 'தும்பி, கடிதப் பிரிவு.' ஒரு நீள நோட்டுப் புத்தகத்தை வாங்கி, கோடு போட்டு, வரிசை எண், நாள், யார், என்ன கேட்டார் என்று நான்கு பத்தி பிரித்தாள். பதில் போனதும் பச்சைக் குறி. அவள் எட்டேகாலுக்குக் கிளம்புவாள், அவன் ஒன்பதுக்கு எழுவான். அவன் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் அக்காவும் தம்பியும் முகம் பார்ப்பதே அபூர்வம். அதனால் நோட்டு குளிர்பதனப் பெட்டியின் தலையில் கிடக்கும். அவள் எழுதி வைப்பாள், அவன் எடுத்துப் பார்த்துக்கொள்வான்.

ஒன்றரை வருடத்தில் நோட்டில் இருநூற்றுப் பதின்மூன்று கடிதங்கள் சேர்ந்துவிட்டன. எழுதுகிறவர்கள் பேர் போடுவதில்லை. தொழிலையோ விலாசத்தையோ போடுவார்கள், அல்லது ஒன்றும் போடமாட்டார்கள். ஒரு பல் மருத்துவர், காத்திருக்கிறவர்கள் பார்க்கப் படங்கள் தானாக மாறிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவருக்கு மூலையில் கடிகாரம் வேண்டும். தையற்கடைக்காரர் ஒருவருக்குப் பாட்டுக்கு ஏற்ப வண்ணக் கோடுகள் குதிக்கவேண்டும். ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் இரண்டு மாதமாகத் தினமும் காலை ஆறு ஐம்பதுக்கு ஒரு கடிதம் போடுவார். 'பொத்தானின் நிறம் சாம்பல். எனக்குச் சாம்பல் ஆகாது.' மறுநாள், 'நேற்று எழுதியதைப் படித்தீர்களா?' அவருக்கு அக்கா நாள்தவறாதவர் என்று பேர் வைத்திருந்தாள்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னால், நோட்டின் முதல் வரியில் இருந்தவர் ஒரு தட்டச்சுக்காரர். விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத் தாளில் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. வீட்டில் வைத்திருந்தது பதினாலு வருடத்துக் கணினி. தும்பி ஒன்றுதான் அதில் திறந்தது. 'நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போது, நிறுத்தின இடத்துக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து ஓடினால் என் விரலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்' என்று எழுதியிருந்தார். தம்பிக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போய்விட்டது. அன்றைக்கே உட்கார்ந்து, இரண்டு விநாடி பின்னால் போகும்படி செய்துவிட்டான். அக்கா அவருக்கு எண் ஒன்று என்றே பேர் வைத்தாள். அவரும் அதற்குப் பிறகு கடிதத்தில் 'எண் ஒன்று எழுதுவது' என்றே ஆரம்பித்தார்.

இருநூற்றுப் பதினாலாவது கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. அக்கா ஆபீஸ் மாடிப்படித் திருப்பத்தில் நின்று, ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவோடு, கைப்பேசியில் படித்தாள்.

'எண் ஒன்று எழுதுவது. நேற்றுச் சாயங்காலம் தும்பி புதுசு வந்திருப்பதாகச் சொல்லிற்று, போட்டுக்கொண்டேன். அதிலிருந்து திறக்கவில்லை. அரை நிமிடம் வெள்ளையாக நிற்கிறது, பிறகு கணினியே அணைந்துவிடுகிறது. நான் வேலை பார்த்த இடம் மூடி ஐந்து மாதம் ஆகிறது. இப்போது ஒரு புது அலுவலகம் மூன்று மணி நேரப் பதிவு ஒன்றைப் பரீட்சையாகக் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அடித்துக் கொடுத்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். பழைய தும்பியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? வேறு எதுவும் இதில் திறப்பதில்லை.'

அவள் டப்பாவைத் திறக்காமலே மூடினாள். கட்டைவிரல் தன் பாட்டுக்குப் பதில் அடித்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. ஆவன செய்யப்படும்.' அனுப்பியான பிறகுதான் அந்த வரியைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தாள். இந்த வரியைத் தண்ணீர் வராத தெருக்களுக்கு எத்தனை ஆயிரம் தடவை அனுப்பியிருக்கிறாள்.

பிற்பகல் முழுவதும் பேனா மூடியைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். பக்கத்து மேசைக்காரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்த மூடி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். அக்கா மூடியைக் கைப்பையில் போட்டாள். அப்புறம் கால் ஆட ஆரம்பித்தது.

சாயங்காலம் நோட்டில் சிவப்பு மையால் 'அவசரம்' என்று எழுதினாள். அது போதாது என்று தோன்றிற்று. அடியில் இரண்டு கோடு போட்டாள். படுத்தாள், புரண்டாள். விடிந்து அவள் எழுந்தபோது நோட்டு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அசதியில் வந்தவன் நேரே படுக்கைக்குப் போயிருக்கிறான். புதன்கிழமை காலை ஏழரைக்கு, அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள்: தம்பியை உலுக்கி எழுப்பினாள்.

"வீடு இடிஞ்சுடுச்சா?" என்றான் கண்ணைத் திறக்காமல்.

"எண் ஒண்ணுக்குத் தும்பி திறக்கலயாம்டா. என்ன பண்ணித் தொலச்ச?"

தம்பி எழுந்து உட்கார்ந்து, போன வருடம், தும்பியை எழுதி முடித்த கையோடு வாங்கிய தன் புதுக் கணினியைத் திறந்தான். தும்பி பட்டென்று வந்து நின்றது. "நல்லாத்தானே திறக்குது."

"உன்னுதுல திறக்கும். எடை என்ன பாரு."

பார்த்தான். "பதினோரு மெகாபைட்" என்றான், யாரோ செத்த செய்தியைச் சொல்கிற மாதிரி.

"அறுநூறு கிலோ இருந்தது பதினோரு மெகாவா? எதையெல்லாம் போட்டு அடைச்ச?"

"நீ போடச் சொன்னதைத்தான்."

"நான் எப்போ சொன்னேன்?"

தம்பி அடுப்படிக்குப் போய் நோட்டை எடுத்துவந்து அவள் மடியில் போட்டான். "இந்தா. கடிகாரம், பச்சை. படம் மாறுறது, பச்சை. குதிக்கிற கோடு, பச்சை. பொத்தானுக்கு ஒன்பது கலர், பச்சை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உக்காந்து பச்சை போட்டதையெல்லாம் ஒண்ணு விடாம செஞ்சேன். குதிக்கிற கோடு எதுக்குடா இவளுக்குன்னு நினைச்சேன். சரி, அக்கா யோசிச்சுத்தான் போட்டிருப்பான்னு..."

"பச்சைன்னா பதில் போயிடுச்சுன்னு அர்த்தம்டா."

"எங்க எழுதியிருக்கு?"

"எங்க ஆபீஸ்ல கேட்டுப்பாரு, பியூனுக்குக்கூடத் தெரியும்."

"நான் என்ன உங்க ஆபீஸ் பியூனா?"

அக்கா நோட்டைப் புரட்டினாள். நன்றிக் கடிதங்கள் வந்தது அவளுக்கு நினைவிருந்தது. பல் மருத்துவர்கூட எழுதியிருந்தார்: 'கேட்டவுடன் சேர்த்துவிட்டீர்களே.' தம்பியே விரும்பிச் சேர்த்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள், பெருமையாகக்கூட இருந்தது. அக்கா முடிவெடுத்தாள் என்று அவன், அவன் முடிவெடுத்தான் என்று அவள். முப்பத்தேழு தடவை யாருமே முடிவெடுக்காமல் முப்பத்தேழு சாமான் உள்ளே போயிருக்கிறது.

"பழசு இருக்கும்ல? அதை அனுப்பிடு."

"பழசை நான் வெச்சுக்கிறதில்லையே. அது எதுக்கு எடைன்னு அழிச்சுட்டே வந்துடுவேன்."

"அப்போ சேத்ததையெல்லாம் எடு."

"எடுக்குறேன். ஒண்ணை உருவினா நாலு அவுந்து விழுது. பாக்குறேன்."

அவன் பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்தான். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் சேந்து யாரைக் கொன்னீங்க? காலைல இருந்து ஒரே பஞ்சாயத்தா இருக்கு."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லைன்னா குரலைக் குறை. என் நாடகம் கேக்கல."

புதன்கிழமை ஆபீஸில் அக்கா எழுதிய பதில்களில் இரண்டு மாறிப் போயின. மஞ்சள் தண்ணீர்க்காரருக்குக் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மூடுவதைப் பற்றியும், பள்ளத்துக்காரருக்கு மஞ்சளைப் பற்றியும் பதில் போயிற்று. அரை மணிக்கு ஒரு தரம் மாடிப்படித் திருப்பத்துக்குப் போய்ப் பார்த்தாள். ஒன்றேகாலுக்குத் தம்பியின் செய்தி வந்தது. 'கடிகாரத்தை எடுத்தேன். சத்தம் போயிடுச்சு. ஷிப்டுக்குக் கிளம்புறேன்.'

ஐந்து மணிக்கு எண் ஒன்றிடமிருந்து இன்னொரு கடிதம். இந்தத் தடவை ஒரே வரி, அதில் ஒரு தொலைபேசி எண். அக்கா பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே கூப்பிட்டாள்.

"தும்பி கடிதப் பிரிவிலிருந்து பேசுறேங்க."

"அப்பாடா. அங்க எத்தனை பேரு இருக்கீங்க?" நாற்பதுக்கு மேல் வயது தெரிகிற பெண்குரல், மூச்சு வாங்கிற்று.

"நான் ஒருத்திதாங்க."

"ஒருத்தியா? உங்க கடிதத்தைப் பாத்தா நாப்பது பேர் உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்."

அக்கா பேச்சை மாற்றினாள். "வேலை எப்படிப் போகுதுங்க?"

"இருபத்தெட்டு நிமிஷம் முடிச்சிருக்கேன். போன்ல ஓட்டி, விரலால நிறுத்தி, திரும்பி வந்து அடிக்கிறேன். கை போயிட்டு வர்றதுக்குள்ள அந்த ஆள் அடுத்த கதைக்குப் போயிடுறார். சாட்சி சொல்ல வந்தவரு, மூச்சே விடமாட்டேங்குறார். இப்படியே போனா ஞாயித்துக்கிழமை ஆயிடும்."

"வேற கம்ப்யூட்டர் யார்கிட்டயாவது..."

"என் தங்கச்சி வீட்ல இருக்கு. அவ புருஷன்கிட்டக் கேக்கணும். அஞ்சு மாசமா அவர் மூஞ்சியில முழிக்காம ஓட்டிட்டிருக்கேன். இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா மூட்டையோட அங்கதான் போய் நிக்கணும். அது நடக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடும்."

"தப்பு எங்க பேர்லதாங்க. என் பேர்லதான். அது வந்து, பச்சைக் குறின்னு..."

"யார் பேர்லயோ இருக்கட்டும்மா. நாளைக்கு வருமா வராதா?"

"ஆவன..." என்று ஆரம்பித்துவிட்டாள்.

எண் ஒன்று குறுக்கிட்டார். "இருபது வருஷமா நானும் அந்த மாதிரிக் கடிதம் அடிச்சுக் குடுத்திருக்கேன். அந்த வரிக்கு என்ன மதிப்புன்னு எனக்குத் தெரியும்மா."

பேருந்து வந்து நின்று, அவளை ஏற்றாமலே கிளம்பிப் போயிற்று.

"தெரியாதுங்க," என்றாள் அக்கா. "வருமா வராதான்னு எனக்கு இப்போ தெரியாது. தெரிஞ்ச நிமிஷம் நானே கூப்பிடுறேன்."

"அது பேச்சு," என்று வைத்துவிட்டார் எண் ஒன்று.

வியாழக்கிழமை காலை அக்கா ஆறு மணிக்கே அடுப்படியில் இருந்தாள். இருந்தாள் என்றால் நின்றாள், நடந்தாள், டம்ளரைக் கழுவினாள், கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள். அம்மா கீரையைக் கிள்ளிக்கொண்டே அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"உக்காரேன்டீ. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"உக்கார முடியலம்மா."

அம்மா கீரைக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கணினியின் மேலிருந்த தலையணை உறையை எடுத்து மடித்து, அதை முடுக்கிவிட்டாள். எழுந்துகொள்ளவே இரண்டு நிமிடம் எடுக்கிற கணினி அது. அம்மா அதற்குள் கீரைத்தண்டுகளையெல்லாம் ஒதுக்கினாள். பிறகு ஒரு விரலை நீட்டி, தும்பியைத் தட்டினாள்.

'புதுசு வந்திருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா?' என்று திரை கேட்டது. அம்மா படித்தாளோ இல்லையோ, 'வேண்டாம்' மேல் தட்டினாள். தட்டின விரல் எழும்பும் முன் நாடகத்தின் மணியோசை கேட்டது.

அக்காவின் கையில் இருந்த டம்ளர் தொட்டியில் விழுந்தது.

"அம்மா, அது கேட்டப்போ என்ன அமுக்குன?"

"வேண்டாம்னு."

"எப்பவுமேவா?"

"பின்ன? வாராவாரம் கேக்குது. கேக்குறதுக்கெல்லாம் சரின்னு சொன்னா என் மிஷின் என்னத்துக்கு ஆகும்? உன்னை மாதிரியா நானு?"

அக்கா ஓடினாள். இந்தத் தடவை உலுக்கத் தேவைப்படவில்லை. தம்பி ஏற்கெனவே எழுந்து, கலைந்த தலையோடு புதுக் கணினியை முறைத்துக்கொண்டிருந்தான். அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் அம்மாவின் நாடகத்தை நிறுத்தி, தும்பியை மூடி, மறுபடி தட்டி, விரலைச் சொடுக்கினான். தும்பி முந்திவிட்டது.

"ஏய், பாதியில நிறுத்திட்டியே" என்றாள் அம்மா.

தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே தேடினான். "முதல் தும்பி," என்றான். "எழுதின மூலமும் இங்கயே கிடக்குதுக்கா. புதுசு வாங்கினப்போ காப்பி எடுத்துட்டு இதை அழிக்க மறந்திருக்கேன். அறுநூறு கிலோ, சுத்தமா."

"அப்படியே அனுப்பு."

"அனுப்பலாம். ஆனா இதுல அந்த ரெண்டு விநாடி கிடையாது. அது எண் ஒண்ணு எழுதின அப்புறம் சேத்தது."

"அது இல்லாம அவங்களுக்கு இது எதுக்குடா?"

"அதை மட்டும் சேக்குறேன். ஷிப்டுக்கு இன்னிக்கு லீவு சொல்லிடுறேன்." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு திரும்பி அவளைப் பார்த்தான். "அக்கா, இதைப் பக்கத்துல போட்டேன்னா எல்லாருக்கும் இதுதான் போகும். கடிகாரம், கோடு, கலர் எல்லாம் காணாமப் போகும். முப்பத்தேழு பேரு சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். நான் எழுதுறேன்."

"என்னன்னு?"

"இல்லன்னு."

"நீயா?"

அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே, "எழுத்துக்கூட்டத் தெரியுமா கேளு" என்றாள்.

பதினொன்று நாற்பதுக்கு, ஆபீஸில் இருந்த அக்காவைத் தம்பி கூப்பிட்டான். அவன் சொல்லி முடிக்கும் முன் அக்கா எண் ஒன்றைக் கூப்பிட்டாள். "வந்துடுச்சுங்க. தும்பியை எழுதுறது என் தம்பிதான், அவனே அனுப்பியிருக்கான். மெயில் பாருங்க. போட்டுக்குங்க. அது கேட்டா மட்டும் இனிமே எதுக்கும் சரின்னு அமுக்காதீங்க." மறுமுனையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண்குரல் இடைவிடாமல் பேசிற்று, நின்றது, சொன்ன இரண்டு சொல்லை மறுபடி சொன்னது. சாட்சிக்காரர். "வைக்கிறேன்மா" என்றார் எண் ஒன்று. அவ்வளவுதான்.

பதிவில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருக்கும். நன்றாக அடிக்கிறவருக்கே ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏழெட்டு மணி நேரம் வேண்டும் என்று எண் ஒன்று எப்போதோ எழுதியிருந்தது அக்காவுக்கு நினைவு வந்தது. விரலை மடக்கிப் பார்த்தாள். தூங்கி, சாப்பிட்டு, அச்செடுத்து, பேருந்து பிடித்து. மறுபடி மடக்கினாள். விரல்கள் ஒரே கணக்கைத்தான் சொல்லின: முடியலாம், முடியாமலும் போகலாம். அன்று சாயங்காலம் மூன்று தடவை அந்த எண்ணை எடுத்தாள். மூன்று தடவையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எடுப்பார். எடுத்தால் இரண்டு நிமிடம் போகும். இரண்டு நிமிடத்தில் சாட்சிக்காரர் அரைப் பக்கம் பேசிவிடுவார்.

வெள்ளிக்கிழமை. ஆபீஸில் பகலுக்கு மேல் கடிதம் குறைவு. அக்கா நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஒரு தாளை எடுத்து மேலே 'முப்பத்தேழில் முதலாவது' என்று போட்டு, நாள்தவறாதவருக்கு எழுத ஆரம்பித்தாள்.

'தங்கள் யோசனை மிகவும் பயனுள்ளது. ஆயினும்' என்று வந்தது. அடித்தாள். 'தவிர்க்க முடியாத காரணங்களால்.' அதையும் அடித்தாள். நாலைந்து தாள் கசங்கின. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குடீ காதல் கடிதம், இப்படிக் கிழிச்சுப் போடுற?" என்றாள்.

"எழுபது வயசு ஆளுக்கு."

"நடத்து."

கடைசியில் கைப்பேசியில் இப்படி அடித்தாள்: 'ஐயா, தும்பியின் பொத்தான் இனிச் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். நீங்கள் கேட்ட ஒன்பது நிறங்களை எடுத்துவிட்டோம். நிறங்கள் சேர்ந்ததால் அது கனத்துப்போய் ஒருவருடைய வேலைக்கே ஆபத்தாகிவிட்டது. உங்களிடம் செய்கிறோம் என்று சொன்னது நான். யோசிக்காமல் சொன்னேன். இனிச் செய்யமாட்டோம்.' அனுப்பும்போது காது சூடாயிற்று. பெற்ற தகப்பனை எதிர்த்துப் பேசிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. நாள்தவறாதவர் காலை தவிர வேறு நேரத்தில் எழுதியதே இல்லை.

'பரவாயில்லை. நாளை வேறு எழுதுகிறேன்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றும் போயிற்று. சுவரில் மூன்று இருபத்தைந்து. பல் மருத்துவருக்கு எழுதினாள். இவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. ஓட்டுநர் பள்ளிக்கு எழுதினாள். மூன்று நாற்பது. தையற்கடைக்காரருக்கும் எழுதினாள்; அவர் ஐந்து நிமிடத்தில் பொரிந்து தள்ளினார். கோடு குதிக்காத பிளேயர் ஒரு பிளேயரா என்றார். அக்கா அவருக்கு மறுபதில் போடவில்லை. போடாமல் விட்ட முதல் கடிதம் அது. கை அரித்தது, மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நாலு அடித்தது. எழுந்து மாடிப்படித் திருப்பத்துக்குப் போனாள். நாலு பத்து. படியில் இறங்கினாள், ஏறினாள். எத்தனை படி என்று இத்தனை வருடத்தில் எண்ணியதில்லை, பதினேழு. நாலு இருபதுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறு யாரோ, நன்றாக இருக்கிறது என்று. அதைத் தள்ளிவிட்டாள். பிரிவுத் தலைவர் கோப்போடு கீழே இறங்கியவர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தாள். நாலு ஐம்பத்தைந்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது.

'எண் ஒன்று எழுதுவது. மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கொடுத்துவிட்டேன். வாங்கினவர் பக்கங்களை மட்டும் எண்ணிப் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பிவரும் பேருந்தில் இதை எழுதுகிறேன். ஒரு குறை: முன்பெல்லாம் இரண்டு விநாடி பின்னால் போகும். இப்போது மூன்று போகிறது. உங்கள் தம்பி அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார் போலிருக்கிறது. எனக்கு மூன்றுதான் சுகமாக இருக்கிறது. திருத்திவிடாதீர்கள்.'

அக்கா படியில் உட்கார்ந்தாள். 'எதற்கு என்று சொல்லவில்லை' என்ற வரியை இரண்டாம் தடவை படித்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நோட்டைத் தொடைமேல் விரித்து, அடுத்த வரிசை எண்ணைப் போட்டு, நாள் எழுதி, எண் ஒன்று என்று எழுதினாள். பச்சைப் பேனாவை எடுத்தாள். கொஞ்சம் யோசித்து, மூடியை அழுத்தி மூடி, அதைக் கைப்பையில் போட்டுவிட்டுச் சாதாரண நீலத்தால் கடைசிப் பத்தியில் எழுதினாள்:

'தம்பிக்கு: மூன்று விநாடி. கை வைக்காதே.'